சாம்பிளுக்கும் சரக்குக்கும் நடுவே

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கும் வண்டிக்காரரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு யீவூவின் கதை சட்டென்று பிடிபடும். கிழக்குச் சீனாவில், செச்சியாங் மாநிலத்தில் இருக்கும் இந்த ஊரில் மண் வளம் குறைவு. அதனால் வயல் வேலை இல்லாத நாட்களில் ஆண்கள் தோளில் கூடைகளைத் தொங்கவிட்டு, கையில் சிறு கிலுகிலுப்பை மேளத்தை ஆட்டியபடி ஊர் ஊராகக் கிளம்புவார்கள். வீட்டு வாசலில் வெல்ல மிட்டாயைக் கொடுத்துவிட்டுக் கோழி இறகை வாங்கிக்கொள்வார்கள். நல்ல இறகு தூசி தட்டும் துடைப்பானாகும். கழிவு வயலுக்கு உரமாகும். மிட்டாயோடு ஊசி, நூல், பொத்தான் எல்லாம் பின்னால் சேர்ந்துகொண்டன.

கம்யூனிச ஆட்சியில் இப்படித் தெருவில் விற்பது குற்றமாகிப் போனது. பிடித்தால் சரக்கைப் பறித்துக்கொள்வார்கள். 1982-ல் தெருவோரம் சில்லறைச் சாமான் விற்றுக் குடும்பம் நடத்திவந்த ஃபெங் அய்சியன் என்ற பெண், அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த வட்டாரக் கட்சிச் செயலாளர் ஷியே காவ்ஹுவாவை வழிமறித்து, எங்களை ஏன் பிழைக்க விடமாட்டேன் என்கிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார். மேலிடம் என்ன சொல்லும் என்று தெரியாத நிலையிலும், அந்த ஆண்டு செப்டம்பரில் ஹுச்சிங்மென் பகுதியில் சந்தை திறக்க அந்த அதிகாரி அனுமதி கொடுத்தார். அந்தச் சந்தைதான் இடம் மாறி, வளர்ந்து, இன்று சுமார் 75,000 கடைகள் கொண்ட யீவூ சர்வதேச வணிக நகரமாக நிற்கிறது. ஒரு கடைக்கு மூன்று நிமிடம் என்று நாளைக்கு எட்டு மணி நேரம் நடந்தாலும், எல்லாக் கடையையும் பார்த்து முடிக்க 468 நாளுக்கு மேல் ஆகும். உலகின் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருட்களில் பாதிக்கு மேல் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 2014 நவம்பரில் இங்கிருந்து ஸ்பெயினின் மாட்ரிட் வரை, சுமார் 13,000 கிலோமீட்டருக்குச் சரக்கு ரயிலே விட்டார்கள்.

இன்று கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ உட்கார்ந்து இணையத்தில் கடை போட நினைக்கும் ஒருவர் இந்த யீவூவுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அலிபாபா தளத்தில் பொருளின் பெயரைத் தட்டினால் நூற்றுக்கணக்கான உற்பத்தியாளர்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள். நள்ளிரவில் செய்தி அனுப்பினாலும் பதில் வருகிறது. பொருள் செய்பவரைத் தேடிப் பிடிப்பதுதான் ஒரு காலத்தில் இந்தத் தொழிலின் பெரிய பாடு. இப்போது அந்தப் பாடு வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. கூரியரில் வந்து கைக்குக் கிடைக்கும் ஒரு சாம்பிளுக்கும், சில வாரம் கழித்துத் துறைமுகத்தில் இறங்கும் 500 உருப்படிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதில்தான் பணம் தங்குகிறது அல்லது கரைகிறது.

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். சூடு ஆறாமல் வைத்திருக்கும் ஸ்டீல் பிளாஸ்க்.

யீவூவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத யோங்காங் என்ற ஊர்தான் சீனாவில் பிளாஸ்க் தயாரிப்பின் தலைமையிடம். சீனத் தொழில்துறையின் விசேஷமே இதுதான், ஊருக்கு ஒரு பொருள். குவாங்தோங் மாநிலத்தின் செங்ஹாய் என்றால் பொம்மை. குசென் என்றால் விளக்கு. தாதாங் என்றால் காலுறை. ஹெனான் மாநிலத்தின் ஷூசாங் என்றால் தலைமுடி விக். நம் ஊர்க் கோயில்களில் இறக்கும் முடிக்கும் அந்த ஊருக்கும் நீண்ட காலத் தொடர்பு உண்டு. ஒரு பொருளுக்கு ஒரு ஊர் என்றானதும் மூடி செய்பவர், ரப்பர் வளையம் செய்பவர், பெயின்ட் அடிப்பவர், அட்டைப்பெட்டி அடிப்பவர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். விலை குறைவதற்குக் கூலியை விட இந்த நெருக்கம் பெரிய காரணம்.

ஊருக்கு ஒரு பொருள் என்ற இந்தச் செய்தி வாங்குபவருக்கு இன்னொரு விதத்திலும் உதவும். ஷென்சென் நகர முகவரி வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் பிளாஸ்க், பொம்மை, யோகா பாய், நாய்ப் பட்டை எல்லாவற்றையும் நாங்களே தயாரிக்கிறோம் என்றால், அது ஆலையாக இருக்க வாய்ப்பில்லை, இடைத்தரகு நிறுவனம். இடைத்தரகர் என்பதாலேயே அவரைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை. ஆலைகள் 3,000 உருப்படிக்குக் குறைந்து பேசவே மாட்டேன் என்னும்போது, நாலு சிறு வாங்குபவர்களின் தேவையைச் சேர்த்து 300 உருப்படி கொடுப்பவர் அவர்தான். ஆலை என்று பொய் சொல்லும் இடைத்தரகர்தான் ஆபத்து, ஏனென்றால் பிரச்சினை வரும்போது அவரால் ஆலையின் கதவைத் திறக்க முடியாது. சீனாவில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்க அடையாள எண் உண்டு. உரிமத்தின் நகலைக் கேட்டு, அந்த எண்ணை அரசின் பொதுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் நிறுவனம் எந்த ஆண்டு தொடங்கியது, அதன் தொழில் உற்பத்தியா விற்பனையா என்று தெரிந்துவிடும். தளம் சீன மொழியில்தான் இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலி போதும்.

தளத்தில் மின்னும் பதக்கங்களை எவ்வளவு நம்பலாம்? அலிபாபாவே பட்டுத் தெளிந்த கதை ஒன்று உண்டு. 1999-ல் ஹாங்சோ நகரில் ஜாக் மாவும் 17 பேரும் தொடங்கிய அந்த நிறுவனம், கட்டணம் கட்டும் விற்பனையாளர்களுக்கு 'தங்க விற்பனையாளர்' என்ற பட்டத்தைக் கொடுத்துவந்தது. 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தப் பட்டத்தோடு இருந்த 2,326 பேர் வெளிநாட்டு வாங்குபவர்களை ஏமாற்றியவர்கள் என்று உள்விசாரணையில் தெரியவந்தது. கமிஷனுக்காக நிறுவனத்தின் விற்பனை ஊழியர்களில் சிலரே அவர்களை உள்ளே விட்டிருந்தார்கள். 2011 பிப்ரவரியில் தலைமை நிர்வாகி டேவிட் வெய் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பின்னர் 2015-ல், வாங்குபவரின் பணத்துக்குத் தளமே ஓரளவு காப்பு கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ஆனால் அந்தக் காப்பு, தளத்தின் வழியாகவே பணம் கட்டி, ஒப்பந்தத்தில் பொருளின் குணங்களை எழுதி வைத்தவர்களுக்கு மட்டும்தான். 'நல்ல தரமான பிளாஸ்க், 500' என்று எழுதியவருக்கு எந்த ஏற்பாடும் உதவாது.

அப்படியானால் என்ன எழுத வேண்டும்?

பிளாஸ்க்கின் எஃகிலிருந்தே தொடங்கலாம். உணவுப் பாத்திரத்துக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது 304 என்னும் ரகம். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை கூடின உலோகம். அதைக் குறைத்து மாங்கனீசு கூட்டியது 201 ரகம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உள்சுவர் 304, வெளிச்சுவர் 201 என்று செய்வது தொழிலில் சாதாரணம், சொல்லிவிட்டுச் செய்தால் அதில் தவறும் இல்லை. உள்சுவரும் 201 ஆகிவிட்டால் கொஞ்ச நாளில் துரு தெரியும், வாடிக்கையாளர் புகைப்படத்தோடு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். அதனால் ஒப்பந்தத்தில் உள்சுவர் என்ன ரகம், வெளிச்சுவர் என்ன ரகம், எத்தனை மில்லிமீட்டர் கனம், கொதிநீர் ஊற்றினால் ஆறு மணி நேரம் கழித்து எத்தனை டிகிரி இருக்க வேண்டும், மூடியின் சிலிகான் வளையம் எந்தத் தரம், பெயின்ட் எந்த வண்ண எண், பெட்டியின் அட்டை எத்தனை அடுக்கு என்பது வரை எழுதப்பட வேண்டும். எழுதாமல் விட்ட ஒவ்வொன்றிலும் முடிவெடுக்கும் உரிமை ஆலைக்குப் போகிறது. ஆலை தனக்குச் செலவு குறையும் பக்கமாகத்தான் முடிவெடுக்கும். அதை வஞ்சகம் என்று சொல்வதற்கில்லை. டாலர் கணக்கில் காசுகளைக் குறைக்கச் சொல்லி ஒரு வாரம் பேரம் பேசியவர் வாங்குபவர்தான்.

பால் மிட்லர் என்ற அமெரிக்கர் பல ஆண்டுகள் தென்சீனாவில் இறக்குமதியாளர்களுக்கும் ஆலைகளுக்கும் நடுவே நின்று வேலை பார்த்தவர். 2009-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், தரம் ஒரேயடியாகச் சரிவதில்லை, ஒவ்வொரு ஆர்டருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது என்பதைக் காட்டியிருந்தார். ஷாம்பு பாட்டிலின் பிளாஸ்டிக் கனம் யாருக்கும் சொல்லாமல் மெலிந்துகொண்டே போய், கையில் அழுத்தினால் மடங்கும் நிலைக்கு வந்த கதை அதில் வருகிறது. முதல் ஆர்டரில் உயிரைக் கொடுத்துச் சரிபார்த்துவிட்டு, மூன்றாவது ஆர்டரில் 'நம்ம ஆளுதானே' என்று விட்டுவிடுபவர்களுக்குத்தான் இது நேர்கிறது. இதற்கு அனுபவசாலிகள் கைக்கொள்ளும் வழி எளிமையானது. ஒப்புக்கொண்ட சாம்பிளில் மூன்று உருப்படிகளை எடுத்து, மூன்றிலும் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒன்று ஆலையில், ஒன்று வாங்குபவரிடம், ஒன்று பரிசோதகரிடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். பின்னால் எழும் எல்லாத் தகராறுக்கும் அந்தப் பிளாஸ்க்தான் சாட்சி.

பரிசோதகர் என்பவர் யார்? சரக்கு ஆலையை விட்டுக் கிளம்பும் முன் நேரில் போய்ப் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பவர். 1878-ல் பிரான்சின் ரூவான் நகரில் தானியச் சரக்கைச் சோதிக்கத் தொடங்கிய எஸ்.ஜி.எஸ்., 1828-ல் கப்பல்களின் நிலையை மதிப்பிடத் தொடங்கிய பியூரோ வெரிட்டாஸ் போன்ற பழம்பெரும் நிறுவனங்கள் முதல், ஒரு நாள் கூலிக்கு ஆளனுப்பும் சிறு நிறுவனங்கள் வரை இதற்கு உண்டு. இவர்கள் எல்லாப் பெட்டியையும் திறப்பதில்லை. எத்தனைக்கு எத்தனை திறக்க வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே அட்டவணைதான், அமெரிக்க ராணுவத்தின் கொள்முதல் தரத்திலிருந்து பிறந்து, இன்று ஐ.எஸ்.ஓ. 2859 என்ற பெயரில் வழங்குவது.

அந்த அட்டவணைப்படி 500 பிளாஸ்க் கொண்ட சரக்கில் 50-ஐ அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுப்பார்கள். வழக்கமாகக் கேட்கப்படும் அளவுகளில், பெரிய குறை உள்ளவை மூன்று வரை இருந்தால் சரக்கு தேறும், நான்கு என்றால் தேறாது. சிறு கீறல், லேசான நிற மாற்றம் போன்ற சின்னக் குறை ஐந்து வரை இருக்கலாம். ஆளைக் காயப்படுத்தக்கூடிய குறை, உதாரணமாக விளிம்பில் கூர்மை, ஒன்றுகூட இருக்கக்கூடாது. கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள். சுட்டால் உள்ளே வெற்றிடம் நிற்கவில்லை என்று அர்த்தம். தலைகீழாகக் கவிழ்த்து ஒழுக்கு பார்ப்பார்கள். பெயின்டில் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை ஒட்டிப் பிய்ப்பார்கள். எஃகின் மேல் ஒரு சொட்டு ரசாயனம் விட்டு மாங்கனீசு அதிகமா என்று பார்ப்பார்கள். இந்த ஒரு நாள் வேலைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பது, இந்தத் தொழிலில் புதிதாக இறங்குபவர்கள் செய்யும் மிக விலை கூடின சிக்கனம்.

பரிசோதனைக்குப் பல் இருப்பது பணம் இன்னும் கையில் இருக்கும் வரைதான். அதனால்தான் 30 சதவீதம் முன்பணம், பாக்கி 70 சதவீதம் சரக்கு தயாரான பிறகு என்ற வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அறிக்கையைப் படித்துவிட்டுப் பாக்கியைக் கட்டுபவருக்கு ஆலை காது கொடுக்கும். முழுப் பணத்தையும் கட்டிவிட்டுக் குறை சொல்பவருக்கு இனிமையான பதில் மட்டும் கிடைக்கும். பெரிய தொகைக்கு வங்கியின் கடனுறுதிக் கடிதம் உண்டு. ஆனால் சிறு ஆர்டருக்கு அதன் கட்டணமும் காகித வேலையும் கட்டுப்படியாகாது.

பணத்தில் இன்னொரு குழி இருக்கிறது. ஆலையோடு ஒரு மாதம் மின்னஞ்சலில் பேசி, பாக்கியைக் கட்டும் நேரத்தில் 'எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்' என்று ஒரு கடிதம் வரும். எழுத்து நடை அதே. கையெழுத்து அதே. மின்னஞ்சல் முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும், அல்லது ஆலையின் அஞ்சலையே யாரோ திறந்து வைத்திருப்பார்கள். இந்த வகை மோசடியில் 2023-ல் மட்டும் 290 கோடி டாலர் இழப்பு என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தனக்கு வந்த புகார்களை வைத்துக் கணக்குச் சொன்னது. கணக்கு எண் மாறினால் அதைத் தொலைபேசியிலோ வீடியோவிலோ முகம் பார்த்து உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் நகரக்கூடாது. நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனி ஆளின் பெயரில் கணக்கு வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒப்பந்தத்தில் சீன நிறுவனத்தின் வட்டமான சிவப்பு முத்திரை விழுந்திருக்கிறதா என்பதும் முக்கியம். சீனாவில் மேலாளரின் கையெழுத்தை விட முத்திரைக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஏமாற்று எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்தே வருகிறது என்று நினைப்பதும் சரியல்ல. 2011 டிசம்பரில் யீவூவில் இரண்டு இந்திய வியாபாரிகளை உள்ளூர்க் கடைக்காரர்கள் பிடித்துவைத்துக்கொண்டார்கள். அந்த இந்தியர்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் முதலாளி சரக்குக்குப் பணம் கொடுக்காமல் தலைமறைவாகிவிட்டிருந்தார். அவர்களை விடுவிக்கப் போன இந்தியத் தூதரக அதிகாரி ஒருவர் நீதிமன்றத்திலேயே மயங்கி விழுந்தார். இரு நாட்டு அரசுகளுக்கும் இடையே அது சிக்கலாக முற்றி, யீவூவில் வியாபாரம் செய்ய வேண்டாம் என்று இந்தியத் தூதரகம் எச்சரிக்கை விடும் அளவுக்குப் போனது. முன்பணத்தை ஆலைகள் கறாராகக் கேட்பதற்கு இப்படிப் பல கதைகள் பின்னால் இருக்கின்றன.

சரக்கு தேறியது, பணம் கட்டியாயிற்று. இனி கடல். விலை பேசும்போது 'எஃப்.ஓ.பி. நிங்போ' என்று எழுதியிருந்தால், நிங்போ துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரை ஆலையின் பொறுப்பு, அதற்குப் பின் வாங்குபவரின் பொறுப்பு. 'சி.ஐ.எஃப். சென்னை' என்றால் கப்பல் கட்டணமும் காப்பீடும் ஆலையின் கணக்கு. 1936-ல் சர்வதேச வணிகச் சபை முதன்முதலாக வகுத்த இந்தச் சுருக்கெழுத்துகளில் இப்போது 11 வழக்கில் உள்ளன. 500 பிளாஸ்க் ஓரிரு கன மீட்டருக்குள் அடங்கிவிடும் என்பதால் முழு கன்டெய்னர் தேவையில்லை, மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து அனுப்பலாம். இங்கே ஒரு தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். சேர்ந்து வரும் சரக்குக்குக் கப்பல் கட்டணத்தை அடிமாட்டு விலைக்குச் சொல்லிவிட்டு, சென்னையில் இறங்கிய பிறகு கையாளும் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று கறந்துவிடுவார்கள். சேருமிடக் கட்டணம் எவ்வளவு என்பதை ஏற்றுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்பவர் பிழைத்தார்.

காலக் கணக்கும் முக்கியம். சீனப் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி பிற்பகுதிக்கும் இடையில் வரும். அதையொட்டி ஆலைகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். ஊருக்குப் போன தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வரமாட்டார்கள், வேறு ஆலைக்குப் போயிருப்பார்கள். புத்தாண்டுக்கு முந்தைய அவசரத்திலும் பிந்தைய புதுக் கைகளிலும் செய்யப்படும் சரக்கில் குறை கூடுதலாக இருக்கும் என்பது எல்லா இறக்குமதியாளரும் சொல்வது. நம் தீபாவளி விற்பனைக்குப் பொருள் வேண்டும் என்றால் கோடையிலேயே ஆர்டர் போயிருக்க வேண்டும். 2021-ல் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றது. சுமார் இரண்டு மாதம் கழித்துக் கொரோனாவால் ஷென்செனின் யான்டியான் துறைமுகம் முடங்கியது. அந்த ஆண்டு கப்பல் கட்டணம் பல வழிகளில் பல மடங்கு ஏறி, மலிவான, இடம் அடைக்கும் பொருளை இறக்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிளாஸ்க் ஆலை விலை 4 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 340 ரூபாய். கப்பலும் காப்பீடும் 30 சேர்த்து 370. அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதம் என்றால் 74. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநல மேல்வரி, ஏழு ரூபாய் சொச்சம். ஆக 451. இந்த மொத்தத்தின் மேல் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி., 81 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் இந்த 81-ஐப் பின்னால் வரவு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். கிளியரிங் ஏஜென்ட், துறைமுகச் செலவு, லாரி எல்லாம் உருப்படிக்கு 30 என்றால், திரையில் 340 என்று பார்த்த பிளாஸ்க் குடோனுக்குள் நுழையும்போது 480-ஐத் தாண்டியிருக்கும். அதன் மேல் அமேசான், பிளிப்கார்ட் கமிஷன், விளம்பரம், கூரியர், திரும்பி வரும் பொருட்களின் நஷ்டம். இதைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பதுதான் விஷயம். இணையத்தில் இதே மாதிரிப் பிளாஸ்க் என்ன விலைக்கு விற்கிறது என்பதில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, ஆலைக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று முடிக்க வேண்டும். பலருக்கு அந்தக் கடைசி எண் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு மாலைப் பொழுதும் ஒரு காகிதமும்தான் செலவு.

வரியைக் குறைக்க ஆலைகளே ஒரு யோசனை சொல்லும், பில்லில் பாதி விலை போட்டுத் தருகிறோம் என்று. சுங்கத்துறையிடம் அதே பொருளை மற்றவர்கள் என்ன விலைக்கு இறக்கினார்கள் என்ற தகவல் இருக்கிறது. மாட்டினால் பறிமுதல், தண்டம். அதோடு வங்கிக் கணக்கும் உதைக்கும், ஏனென்றால் வெளிநாட்டுக்குப் போன ஒவ்வொரு டாலருக்கும் ஈடாகச் சரக்கு வந்ததற்கான சுங்க ஆவணத்தை வங்கி கேட்கும். 'பரிசுப் பொருள்' என்று எழுதிச் சின்னச் சின்னப் பொட்டலமாக வரவழைக்கும் வழியும் ஒரு காலத்தில் ஓடியது. 5,000 ரூபாய் வரை பரிசுக்கு இருந்த வரிவிலக்கைச் சீன இணையக் கடைகள் அளவுக்கு மீறிப் பயன்படுத்தவே, 2019 டிசம்பரில் மத்திய அரசு பரிசு இறக்குமதியையே தடை செய்தது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விதிவிலக்கு வைத்தார்கள்.

இறக்குமதிக்கு முதலில் வேண்டியது ஐ.இ.சி. என்னும் உரிம எண். வெளிநாட்டு வணிக இயக்ககத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கிவிடலாம், பான் எண்ணே அந்த எண்ணாக வரும். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். இது வாசல்தான். உள்ளே இருக்கும் பூட்டு வேறு.

2023-ல் வந்த தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, வீட்டு உபயோகத்துக்கான வெப்பம் காக்கும் பிளாஸ்க்குக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டில் செய்யப்பட்டது என்றால் அந்த ஆலையே இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அதற்கு அதிகாரிகள் நேரில் போய் ஆலையைப் பார்க்க வேண்டும், இந்தியாவில் ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும். 500 பிளாஸ்க் வாங்கும் ஒருவருக்காக எந்த ஆலையும் இதில் இறங்காது. ஆக, எஃகு ரகம் எழுதி, சாம்பிள் பார்த்து, 50 உருப்படி சோதித்து, பாக்கி கட்டி, கப்பலேற்றி வந்த அந்த அழகான பிளாஸ்க் சென்னைத் துறைமுகத்தை விட்டு வெளியே வராது. முத்திரை இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் இதே நிலை. சார்ஜர், பவர் பேங்க் போன்ற மின்னணுப் பொருட்களுக்குத் தனியாகப் பதிவு எண் வேண்டும். புளூடூத் இருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதலும் சேரும். எனவே வரிசையே வேறு. இந்தப் பொருளை இறக்கலாமா என்ற கேள்விதான் முதலில், ஆலை தேடுவது அதற்குப் பிறகு.

எப்படியோ உள்ளே வந்துவிட்டால் தப்பித்தோம் என்ற காலமும் போய்விட்டது. 2025 மார்ச்சில் தர நிர்ணய அமைவனத்தின் சென்னை அலுவலகத்தார் திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கில் சோதனை நடத்தி, உரிய முத்திரை இல்லாத 3,376 பொருட்களைக் கைப்பற்றினார்கள். அவற்றின் மதிப்பு சுமார் 36 லட்ச ரூபாய். பிளாஸ்க்குகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. பெட்டியின் மேல் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பன அச்சாகியிருக்க வேண்டும் என்கிறது எடையளவுச் சட்டத்தின் கீழ் உள்ள விதி. பொருள் வெடித்தாலோ விஷமானாலோ நுகர்வோர் கையில் கிடைக்கும் ஒரே முகவரி அதுதான். யோங்காங்கில் இருப்பவர் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

இது கற்பனை பயம் இல்லை. 2015-ல் இரு சக்கரங்களின் மேல் நின்றுகொண்டே போகும் ஹோவர்போர்டு உலகைப் பிடித்தாட்டியது. ஷென்சென் வட்டாரத்தில் ஆலைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தன, யாரெல்லாமோ பெயர் ஒட்டி விற்றார்கள். மட்டமான லித்தியம் பேட்டரிகள் தீப்பிடிக்கத் தொடங்கின. அந்த டிசம்பரில் அமேசான் பல மாடல்களை நீக்கியது. 2016 ஜூலையில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஹோவர்போர்டுகளைத் திரும்பப் பெறவைத்தது. விற்ற சிறு இறக்குமதியாளர்கள் பலருக்கு அது தொழிலின் முடிவு.

அதே காலத்தில், அதே ஷென்சென் வட்டாரத்தில், வேறு விதமாக வளர்ந்தவர்களும் உண்டு. கூகுளில் பொறியாளராக இருந்த ஸ்டீவன் யாங் 2011-ல் வேலையை விட்டுவிட்டு ஆங்கர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் பொருள் மடிக்கணினிக்கான மாற்று பேட்டரி. அசல் பேட்டரிக்கு விலை அதிகம், மலிவானதற்கு மதிப்பீடு மோசம், நடுவில் யாரும் இல்லை என்பதை அமேசானைப் பார்த்தே கண்டுகொண்டார். கிடைக்கும் பொருளுக்குப் பெயர் ஒட்டுவதில் தொடங்கி, வாடிக்கையாளர் புகாரைப் படித்துப் பொருளை மாற்றுவதற்கு நகர்ந்தார். 2020-ல் அந்த நிறுவனம் ஷென்சென் பங்குச் சந்தையில் பட்டியலானது. நம் ஊரில் போட் நிறுவனமும் சார்ஜர் கேபிள், இயர்போன் என்று சீனச் சரக்கில் தொடங்கி, பிறகு தயாரிப்பில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டது. இரண்டிலும் ஒரு பாடம் பொது. போட்டியாளரின் பொருளுக்கு விழுந்திருக்கும் ஒரு நட்சத்திர விமர்சனங்கள்தான் ஆலைக்கு அனுப்ப வேண்டிய குறிப்பு. மூடி ஒழுகுகிறது என்று 40 பேர் எழுதியிருந்தால், வளையத்தை மாற்றிச் செய்யச் சொல்ல வேண்டியதுதான்.

பொருள் ஓடத் தொடங்கியதும் இன்னொரு தலைவலி வரும், பெயர். சீனாவில் வணிக முத்திரை யார் முதலில் பதிவு செய்கிறாரோ அவருக்கே. ஐபேட் என்ற பெயரைச் சீனாவில் வேறொரு நிறுவனம் முன்பே பதிந்து வைத்திருந்ததால், ஆப்பிளே 2012-ல் 6 கோடி டாலர் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. சிறு வியாபாரியின் பெயரை அவருடைய ஆலையே பதிந்துகொண்டால், சொந்தச் சரக்கையே அந்த நாட்டுத் துறைமுகத்தில் தடுத்து நிறுத்த முடியும்.

இத்தனையும் படித்த பிறகும் கை துறுதுறுக்கும் ஒருவர் எங்கே தொடங்கலாம்? சென்னையில் என்றால் பாரிமுனைக்கும் சௌகார்பேட்டைக்கும் ஒரு நாள் போய்வரலாம். அங்கே மொத்த வியாபாரிகள் ஏற்கெனவே கன்டெய்னரில் இறக்கி, வரி கட்டி, முத்திரையோடு வைத்திருக்கும் சரக்கு இருக்கிறது. பில் கேட்க வேண்டும், முத்திரை எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் செயலியில் போட்டுப் பார்க்க வேண்டும். ஆலை விலையை விடக் கூடத்தான் கேட்பார்கள். ஆனால் 500 எடுத்தால்தான் ஆச்சு என்று சொல்லமாட்டார்கள், 20 கொடுப்பார்கள். அந்த 20-ஐ இணையத்தில் போட்டு, எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது, திருப்பி அனுப்பியவர் என்ன காரணம் எழுதினார் என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு, அதன் பிறகு முத்திரை உரிமம் உள்ள ஆலையாகப் பார்த்துச் செய்தி அனுப்பினால், ஆலையின் விற்பனைப் பெண் கேட்கும் முதல் கேள்விக்கே, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதற்கு, பதில் தயாராக இருக்கும்.